பாட்டியின் பழைய செபம்

'மாற்றம் ஒன்றே மாறாதது.' பள்ளிக் காலத்தில் பேச்சுப் போட்டி மேடைகளில் இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால், அதன் பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன என் பாட்டிதான்.

பாட்டி 1945-இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டி என் அப்பாவை ஆளாக்கியவர். தோட்டம் விற்கப்பட்டபோது எங்களோடு தாமான் வீட்டுக்கு வந்துவிட்டார். தினமும் இரவு 8 மணிக்கு வீட்டில் செபமாலை சொல்வோம். அங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு.

நாங்கள் 'தூய ஆவி' என்போம். பாட்டி 'இஸ்பிரீத்து சாந்து' என்பார். எங்களுக்குத் 'திருப்பலி', அவருக்குப் 'பூசை'. எங்களுக்குத் 'திருமுழுக்கு'; அவருக்கு 'ஞானஸ்நானம்'. இயேசு அவர் வாயில் இன்னும் 'சேசு'தான். நான் அப்போது நான்காம் படிவ மாணவன். தமிழ் படிக்கிறேன் என்ற கர்வம் வேறு. "பாட்டி, இஸ்பிரீத்து சாந்து தமிழே இல்லை. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. காலத்துக்கு ஏற்ப மாற வேண்டாமா?" என்று ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். பாட்டி பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் செபத்தில் அவர் குரல் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

அந்த 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. கோயில்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 உயிர்ப்பு ஞாயிறு, எல்லாமே கைப்பேசித் திரையில்தான். குருத்து ஞாயிறன்று நான் உட்கார மறுத்துவிட்டேன். "சினிமா பார்ப்பதுபோலத் திருப்பலி பார்ப்பதா?" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பாட்டி கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டி, முக்காடு போட்டு, கைப்பேசியை மாதா சுரூபத்தின் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதன்முன் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கம் வந்தது.

முடிந்ததும், "இதுவும் பூசையா பாட்டி?" என்றேன்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு லத்தீன்ல பூசை வைப்பாரு. ஒண்ணும் புரியாது. அப்புறம் நம்ம பக்கம் திரும்பித் தமிழ்ல வச்சாங்க. 'இதெல்லாம் ஒரு பூசையா'ன்னு எங்கம்மா கோவிச்சுக்கிட்டு நாலு வாரம் கோயிலுக்கே வரல. அப்புறம் வந்து, தமிழ்ல கேட்டுட்டு அழுதாங்க. நன்மை வாங்க முடியலையேன்னு எனக்கும் மனசு வலிக்குதுப்பா. அதுக்காக ஆண்டவரை வாசல்லயே நிக்க வச்சிட முடியுமா? ஆபிரகாம் ஊரை விட்டுக் கிளம்பினப்ப அவருக்கு 75 வயசு. எனக்கும் இப்ப அதே வயசுதான்."

தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டது 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்று பின்னர் படித்தேன். நான் பழைய வழக்கம் என்று எண்ணிக் கட்டிக்காத்த தமிழ்த் திருப்பலியே, பாட்டியின் தாய்க்குப் பொறுக்க முடியாத புதுமையாக இருந்திருக்கிறது! பாட்டிக்கு மாற்றத்தைப் பற்றிப் பாடம் நடத்திய என்னால், என் வழக்கம் மாறியபோது ஒரு மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. பிறரை மாறச் சொல்வது எவ்வளவு எளிது!

அன்றிரவு, "பாட்டி, நீங்க ஆரம்பிங்க. உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பழைய குரலில் தொடங்கினார். அவர் 'இஸ்பிரீத்து சாந்து' என்றார். நாங்கள் 'தூய ஆவி' என்றோம். சொற்கள் முன்னும் பின்னுமாக இடித்துக்கொண்டன. 'ஆமென்' மட்டும் ஒன்றாக வந்தது.

மாற்றத்தை ஏற்பது என்றால் பழையதைத் தூக்கி எறிவது என்று நினைத்திருந்தேன். பழையதைக் கையில் பிடித்துக்கொண்டே புதியதற்குக் கதவு திறக்கலாம் என்பதைப் பாட்டியிடம் கற்றேன்.

கோயில்கள் திறந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. முதல் வரிசையில் பாட்டிக்கு ஓர் இடம் எப்போதும் உண்டு. கால் வலிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என்னைக் கூப்பிட்டுச் சொல்வார்: "அந்தப் போனைக் கொஞ்சம் மாதா பக்கத்துல வை, கண்ணு."