கூரை மாற்றிய நாட்கள்

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது பின்வளவில் இருபத்தைந்து பூனைகளைப் பராமரித்து வருகிறார். எல்லாமே தெருவில் விடப்பட்டவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, அக்காப்பகத்தின் கூரைத் தகரங்கள் பெயர்ந்தன. ஒரு பக்கச் சுவர் நீரூறி வெடித்தது. உறவுகளையும் வீடுகளையும் பறிகொடுத்தோர் நிறைந்த மாவட்டத்தில் பூனைகளின் கூரைக்காகப் பணம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆயினும் இரு மாதங்கள் கழித்து, நண்பர்கள் சிலரின் உதவியோடு திருத்த வேலையை நானே பொறுப்பேற்றேன்.

"டீச்சர், எல்லாப் பூனைகளையும் ஒரே அறையில் விட்டுவிடுவோம். மேசன் பாஸ் ஒரு கிழமையில் வேலையை முடித்துவிடுவார்" என்றேன்.

"இடம் மாறினால் இதுகளுக்கு வருத்தம் வரும், தம்பி" என்று தயங்கினார் அவர்.

பத்திரிகை அலுவலகத்தின் கடைசி நேர அவசரத்திலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அவரது தயக்கத்தை முதுமையின் பயம் என்று எண்ணிவிட்டேன்.

நான்காம் நாள் ஒரு பூனை தும்மியது. ஆறாம் நாள் ஒன்பது பூனைகள் கண்ணில் பீளையும் மூக்கில் சளியுமாக உணவை வெறுத்துக் கிடந்தன. நான் கலைப்பட்டம் பெற்ற அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலைக்கு, முச்சக்கர வண்டியில் அவற்றைக் கொண்டு சென்றோம். பூனைகளைத் தாக்கும் ஹேர்பீஸ் வைரஸ் ஒருமுறை தொற்றினால் உடலில் ஆயுள் முழுதும் ஒளிந்திருக்கும் என்பதை அங்கேதான் அறிந்தேன். பயமும் நெருக்கடியும் கூடும்போது அது மீண்டும் தலைதூக்கி அடுத்த பூனைக்கும் பரவும். சுத்தியல் ஓசையையும் அந்நிய மனிதர்களையும் இட நெருக்கத்தையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்த்தவன் நானே.

தரை கழுவ நான் வாங்கி வைத்திருந்த பினைலும் தவறானதுதான். பீனோல் கலந்த திரவங்களைப் பூனையின் ஈரலால் சரிவர முறிக்க முடியாது. பாதத்தை நக்கினாலே நஞ்சேறிவிடும். நீர் கலந்த பிளீச் போதும், ஆனால் நன்கு அலசி, உலர்ந்த பிறகே பூனைகளை விட வேண்டும் என்றார்கள்.

எட்டுப் பூனைகள் தேறின. சின்னி என்ற கிழட்டுப் பூனை தேறவில்லை. கொய்யா மரத்தடியில் அதனைப் புதைத்த அன்று டீச்சர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வேலையை நிற்பாட்ட வேண்டாம் தம்பி, வேகத்தை மட்டும் குறையுங்கோ" என்றார். கடிந்திருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

அதன்பின் அறை அறையாகத் திருத்தினோம். தகரம் அறையும் வேலையைக் காலை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தோம். ஓசை அடங்கிய பின்பே உணவு வைத்தோம். பழைய சாக்குகளைத் துவைக்காமலே புதிய அறைக்கு மாற்றினோம், சொந்த வாசனை இருக்கட்டும் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒளிந்துகொள்ள ஒரு காட்போட் பெட்டி வைத்தோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்விலும், ஒளியப் பெட்டி கிடைத்த காப்பகப் பூனைகளின் பதற்றம் மற்றவற்றைவிட விரைவில் தணிந்ததாகக் கண்டிருக்கிறார்கள். மாலையில் பூனைகளை எண்ணிப் பார்த்த பின்பே வீடு செல்வதை மேசன் பாஸும் வழக்கமாக்கிக்கொண்டார்.

ஒரு கிழமை வேலை ஆறு கிழமையானது. கூரை இப்போது ஒழுகுவதில்லை. ஆனால் எத்தனை அறை கட்டினாலும் போதாது என்பதையும் உணர்ந்திருக்கிறேன். பெண் பூனை ஐந்து மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். கண்டியில் பல ஆண்டுகளாகக் கருத்தடைத் திட்டங்களை நடத்திவந்த கக்போ போன்ற அமைப்புகளின் பணி, சீமெந்தைவிட அவசியமானது.

சென்ற ஞாயிறு அங்கே போயிருந்தேன். வாசலில் புதிதாக ஒரு பெட்டி. உள்ளே கண் திறவாத மூன்று குட்டிகள்.

"எந்த அறையில் விடுவோம், டீச்சர்?" என்று கேட்டேன். இம்முறை அவர் சொல்லும்வரை காத்திருந்தேன்.