மரண அறிவித்தல்: சில சிந்தனைகள்

திரைப்படப் பாடல்கள் ஓய்ந்து, வானொலிப் பெட்டியிலிருந்து வரும் குரல் நிதானமடையும். தாளமிட்டுக்கொண்டிருந்த சிறுவனின் விரல்கள் அசையாது நிற்கும். குசினியில் தேங்காய் துருவும் ஓசையும் அடங்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் வானொலி பெற்றிருந்த செல்வாக்கைப் பற்றிப் பேசுவோர் 1950இல் ஆரம்பமான வர்த்தக சேவையையும், எஸ். பி. மயில்வாகனனின் குரலையும், இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' போன்ற நாடகங்களையுமே முதலிற் குறிப்பிடுவர். அது நியாயமே. எனினும், வீட்டுப் பெரியவர்கள் ஒரு சொல்லையும் தவறவிடாது செவிமடுத்தது மரண அறிவித்தலைத்தான். எவரும் அதனை ஒரு நிகழ்ச்சியாகக் கருதியதில்லை என்பது வேறு விடயம்.

வானொலி வருமுன் இழவு சொல்லும் பணி குடிமைத் தொழிலாளர்மீது சுமத்தப்பட்டிருந்தது. பறையொலி ஊருக்கு உணர்த்தும். அயலூர் உறவினர்க்கு ஆள்மூலம் செய்தி போகும். யாருக்கு நேரிற் சென்று சொல்வது, யாருக்குச் சொல்லியனுப்புவது என்பதிலெல்லாம் நுட்பமான மரியாதைகள் இருந்தன. சொல்லாமல் விடப்பட்டவர் அதனைத் தலைமுறை கடந்தும் மறவார். உற்றார், உறவினர், நண்பர் யாவரும் இதனையே ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று வானொலி அறிவித்தல் முடிவது இப்பின்னணியிலேயே பொருள்பெறுகின்றது. அது வெறும் உபசார வார்த்தையன்று. ஆள்வந்து சொல்லவில்லையே என்னும் மனத்தாங்கலுக்கு முன்கூட்டியே கேட்கப்படும் மன்னிப்பு.

அறிவித்தலின் அமைப்பும் புதிதாகத் தோன்றியதன்று. முப்பத்தோராம் நாட் கிரியையை ஒட்டி வாசிக்கப்படும் கல்வெட்டிலே மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என உறவுகள் முறைப்படி வந்து அழுவதுண்டு. அந்த வரிசையையே அறிவித்தலும் கைக்கொண்டது. பாட்டு நீங்கிற்று; முறை நின்றது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் சகோதரியும் ஆவார் என்று அது நீண்டு செல்லும். எண்ணும்மை கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்பட்ட ஆச்சிமார் இந்நீண்ட வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தே பிரித்தறிந்துவிடுவர். "உது எங்கடை கரவெட்டி மச்சாளின்ரை தமக்கையெல்லே!" என்று ஒருத்தி சொன்னால் அதற்கு மறுப்பிராது. உடனே புறப்படவேண்டிய உறவா, எட்டுச் செலவுக்குப் போனாற் போதுமா, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பனவெல்லாம் அடுத்த பாடல் தொடங்குவதற்குள் தீர்மானிக்கப்பட்டுவிடும். ஆயின் அவ்வறிவு முற்றிலும் போற்றத்தக்கது எனவும் கூறுவதற்கில்லை. மயானத்தின் பெயர் வாசிக்கப்பட்டதும் கேட்போர் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கும். சாதிக்கொரு சுடலை பல ஊர்களில் இருந்தமையால், எந்தச் சுடலை என்பது எவர் என்பதையும் காட்டிக்கொடுத்தது. சாதியை ஓரிடத்தும் குறிப்பிடாத அறிவித்தல் இறுதி வரியில் அதனை உணர்த்திவிடும்.

வதிவிடங்களின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. மலாயாவில் எழுதுவினைஞராகவோ புகையிரதப் பகுதியிலோ கடமையாற்றி இளைப்பாறியவர் என்ற அடைமொழி ஒரு காலத்திற் பெருமையுடன் ஒலித்தது. 1983 யூலைக்குப் பின்னர் இலண்டன், பரிஸ், ரொறன்ரோ, ஒஸ்லோ என்பன பிள்ளைகளின் பெயர்களைத் தொடர்ந்து வந்தன. காலப்போக்கில் இறந்தவரின் பெயருக்கு முன்னும் வந்து நின்றன. அந்நகரிலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, வீடு வாங்கி, பேரப்பிள்ளைகளைக் கண்டு மறைந்தவருக்கும் அது 'தற்காலிக வதிவிடம்' என எழுதப்படுவதுண்டு. இதனை நகைத்துத் தள்ளிவிட முடியாது. திரும்பிப் போவோம் என்று சொல்லிக்கொண்டே கழிந்த வாழ்வுக்கு வேறெந்தச் சொல் பொருந்தும்?

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் அடங்கின. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி பேசியது. சுற்றுபவர் களைத்தாற் குரலும் தேயும். பெரும்பாலும் பிபிசி தமிழோசைச் செய்திக்காகவே அவ்வளவு பாடுபட்டனர். உள்ளூர் மரணங்களைத் தாங்கிய பத்திரிகைகளோ கடதாசித் தட்டுப்பாட்டினாற் கோடிட்ட கொப்பித்தாளிலும் அச்சாகின. ஊரிற் பெற்றோர் இறந்த செய்தி கடல் கடந்த பிள்ளைக்குக் கடிதமாய்ப் போய்ச் சேரும்போது அந்தியேட்டியும் முடிந்திருக்கும். இன்று அதே செய்தி, புகைப்படத்துடன், சில நிமிடங்களிற் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகின்றது. சாதனம் மாறிற்று, அந்த நீண்ட வாக்கியம் பெரிதும் மாறவில்லை.

மாறாத அவ்வாக்கியம் ஓரிடத்தில் மட்டும் இடறுகின்றது. 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் மாண்டோர் பலருக்கு அறிவித்தலும் இல்லை, மயானமும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் ஆரம்பித்தனர். அங்கு பிள்ளையின் படத்தை ஏந்தி அமர்ந்த தாய்மாரிற் பலர் விடை கிடைக்காமலே மறைந்துவிட்டனர். அத்தகைய தாயொருத்திக்கு அறிவித்தல் எழுத அமரும் மகள், தமையனின் பெயருக்கு வந்ததும் எழுதுகோலை வைத்துவிடுகிறாள். இறந்தவராயின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்ற சொல் வரவேண்டும். உயிரோடு இருப்பவராயின் பெயருக்குப் பின் அடைப்பினுள் ஊர் வரவேண்டும். முன்னதை எழுதினால், தாய் ஆயுள் முழுதும் மறுத்த ஒன்றை அவளது மரணத்தின்மேல் எழுதியதாகும். பின்னதை எழுதுவதாயின், எந்த ஊர்? இறப்புப் பதிவு தொடர்பான சட்டத்தில் 2016இற் செய்யப்பட்ட திருத்தம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழ் வழங்க வழிசெய்தது. அரச படிவத்துக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது. மகளுக்கு அது உதவவில்லை. ஈற்றில் அவள் பிறந்த வரிசை குலையாமல் மூவரின் பெயர்களையும் எழுதுகிறாள். மூத்தவரின் பெயருக்குப் பின்னே கனடா. தன் பெயருக்குப் பின்னே கிளிநொச்சி. நடுவிலுள்ள பெயருக்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை.