கழுகுமலைப் பாறையில் இரண்டு பதில்கள்

கடவுள் உலகத்துக்கு வெளியே நிற்கிறாரா, உள்ளேயா? கோவில்பட்டிக்காரர்கள் இந்தக் கேள்வியோடு ஒருமுறை கழுகுமலை ஏற வேண்டும்.

அங்கே தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கிய சமணர்களுக்கு, உலகைப் படைத்தவர் என்று எவரும் இல்லை. உலகமும் உயிர்களும் என்றுமே உள்ளவை. அதே மலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில். சிவனுக்காக ஒற்றைப் பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோன அழகு.

வியப்பு என்னவென்றால், உயிரும் மாயையும் தொடக்கமில்லாதவை என்றுதான் சைவ சித்தாந்தமும் சொல்கிறது. இறைவன் நிமித்த காரணன், அதாவது செய்பவன்; மாயைதான் முதற்காரணம், அதாவது மூலப்பொருள். சிற்பி பாறையை உண்டாக்கவில்லை, அதிலிருந்து கோயிலை வெளிக்கொணர்ந்தான், அப்படி. ஆனால் சிற்பி உளியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் காட்டும் சிவன் போவதில்லை. உயிர்களோடு பிரிவற்றுக் கலந்தே நிற்கிறான். உலகமே இறைவனின் உடல் என்ற ராமானுசரும் இந்த இடத்தில் எனக்கு மிக நெருக்கமாகிறார்.

ஐப்பசி மழையை நம்பி உளுந்து விதைத்துவிட்டு வானம் பார்க்கிற மானாவாரிச் சம்சாரிகள் எங்கள் ஆட்கள். படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட ஒரு கடவுளை அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.