கத்தி கழுவும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆதம்பாக்கத்தில் எந்தச் சலூனுக்குப் போனாலும் பெஞ்சில் இடம் கிடைக்காது. கருணீகர் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் இந்தக் கடையும் அப்படித்தான். இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, மூலையில் ஒரு வாஷ்பேசின். ஒரு சவரத்துக்கும் அடுத்த சவரத்துக்கும் நடுவே கத்திக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போயிருந்தேன். கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. அப்பாவிடம் தொழில் கற்றவர். "ஓரமா உக்காந்து பாருங்க சார். கை வீசுற எடத்துல மட்டும் நிக்காதீங்க" என்றார்.

பிளேடு உடைப்பதிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடைக் காகித உறையைப் பிரிக்காமலே நீளவாக்கில் வளைத்து, உறைக்குள்ளேயே இரண்டாக ஒடிக்கிறார். தெறிக்கும் சில்லு வெளியே வராது, விரலும் அறுபடாது. பாதியை எடுத்து, கூரைத் தொடாமல் இரு ஓரங்களையும் பிடித்துக் கத்தியின் வாயில் செருகுகிறார். மறுபாதி உறையோடு அடுத்த ஆளுக்குக் காத்திருக்கிறது. இதையெல்லாம் நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியில் பார்க்கும்படிதான் செய்கிறார். "அவங்க கண்ணால பாத்தாத்தான் சார் நம்பிக்கை."

சவரம் தொடங்கியதும் நுரையும் முடியும் கத்தியில் சேர்கின்றன. அவற்றை வழித்தெடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. வாடிக்கையாளரின் தோள் துண்டின் மேல் நான்காக மடித்த காகிதம் ஒன்று. கத்தியை அதில் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னால் வர, ஒரே இழுப்பு. கூர் முன்னே போனால் காகிதத்தையும் கிழிக்கும், துண்டையும் கிழிக்கும், அடியில் இருக்கும் தோளையும் விடாது. கூரின் நீளவாக்கில் விரலை ஓட்டித் துடைப்பது இந்தக் கடையில் அறவே கூடாது. ஆள் எழுந்ததும் காகிதம் குப்பைக்குப் போகிறது.

"எங்கப்பா தன் மணிக்கட்டுலதான் வழிப்பாரு. அவர் கையில எப்பவும் கீறல் இருக்கும். அன்னிக்கு அது யாருக்கும் தப்பாத் தெரியல" என்றார். அந்தக் கீறலில்தான் வாடிக்கையாளரின் ரத்தமும் தொழிலாளியின் ரத்தமும் சந்திக்கின்றன. பொதுக் கிண்ணத்துத் தண்ணீரில் கத்தியை அலசுவதும் அப்படிப்பட்ட பழக்கமே. அதே தண்ணீரில் பிரஷ்ஷையும் தோய்த்தால் ஒருவர் முகத்தில் இருந்தது அடுத்தவர் முகத்துக்குப் போகும். இங்கே கிண்ணம் இல்லை, குழாய்த் தண்ணீர் மட்டும்தான்.

கடையில் தொழில் பழகும் பையனுக்கு முதலில் சொல்லித் தந்தது வேறொரு பாடம். "கத்தி கை நழுவுனா நழுவட்டும்டா. பிடிக்கப் போகாத. காலை நகத்திக்க." விழும் பொருளைப் பிடிக்க எந்தக் கையும் தானாக நீளும். அந்தக் கையை அடக்கக் கற்ற பிறகுதான் பையனிடம் கத்தி வந்தது.

ஆளுக்கொரு பிளேடு என்பது இன்று சலூனில் எழுதாத சட்டம். அது ஊன்றியதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தொண்ணூறுகளின் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குப் பிறகு "புது பிளேடு போடுங்க" என்று கேட்பது வாடிக்கையாளருக்கே பழக்கமானது. ஆனால் கத்தி விஷயத்தில் அதைவிட அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே, காய்ந்த இடத்தில் வெகுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸோ காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் வலிமையோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தமே போதும். பிளேடை மாற்றிவிட்டு, அதைப் பிடித்திருந்த வாயைக் கழுவாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

அந்த மீதிப் பாதியைச் செவ்வாய்க்கிழமை நிதானமாகப் பார்த்தேன். வழக்கம்போல் அன்று கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கருவிகளைப் பரப்பியிருந்தார். பிளேடு மாட்டும் கத்தியைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கிறார். நுரையும் அழுக்கும் ஒட்டியிருந்தால் எந்த மருந்தும் உள்ளே இறங்காது, அதனால் கழுவுவதுதான் முதல் வேலை. பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டில் மூழ்க வைக்கிறார். துணியில் நனைத்து ஒரு துடைப்புத் துடைத்தால் ஸ்பிரிட் நொடியில் ஆவியாகிவிடும். வேலை செய்ய அதற்கு நேரம் வேண்டும். பிளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும், ஆனால் இரும்பை அரித்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் இதே முறைதான். ஒன்று ஊறும்போது இன்னொன்று வேலை செய்யும்படி மூன்று கத்திகளைச் சுற்றுக்கு விடுகிறார்.

அப்பாவின் சவரக்கத்தியையும் எடுத்துக் காட்டினார். பிளேடு மாற்ற முடியாத, சாணை பிடித்துத் தோல்வாரில் தீட்டும் கத்தி. அதைக் கடையில் யாருக்கும் போடுவதில்லை; தன் முகத்துக்கு மட்டும். கார்பன் எஃகு என்பதால் சென்னையின் உப்புக்காற்றில் ஒரே இரவில் துருப்புள்ளி வைத்துவிடுமாம். அலகை மட்டும் வெந்நீரில் அலசுகிறார். பிடிக்குள் தண்ணீர் போனால் கீல் ஆணியில் ஈரம் தங்கும். குழாயில் கூர் இடித்தால் பல்விழும் என்பதால் கையைத் தள்ளியே வைத்துக்கொள்கிறார். முதுகிலிருந்து கூரை நோக்கித் துணியால் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஈரத்தோடு மடித்து வைப்பதே கிடையாது.

படிகாரக் கல்லைப் பற்றிக் கேட்டேன். எல்லோர் முகத்திலும் ஒரே கல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாராம். இப்போது படிகாரத்தைக் கரைத்துப் புட்டியில் வைத்துத் தெளிக்கிறார். தேய்ந்த பிளேடுகள் மூடியில் கீறல் போட்ட பழைய பவுடர் டப்பாவுக்குள் விழுகின்றன. நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதி, தூய்மைப் பணியாளர் கையிலேயே சொல்லிக் கொடுக்கிறார். குப்பைப் பையோடு போட்டால் அறுபடுவது அவர் கைதானே.

இத்தனைக்கும் அவர் இன்னும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இந்தத் தடுப்பூசி நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில்தான். இன்று கத்தி பிடிக்கும் கைகள் பெரும்பாலும் அதற்கு முன் பிறந்தவை. ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி, அவ்வளவுதான். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சலூன் தொழிலாளர்களுக்கென்று ஒதுக்கினால் ஒருவர்கூட வருமானத்தை இழக்காமல் வந்து போட்டுக்கொள்ளலாம். பிளேடு டப்பாக்களைத் தனியாக வாங்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. "சீக்கிரம் முடிங்க" என்று பெஞ்சிலிருந்து வரும் குரல் முதலில் வெட்டுவது கழுவும் நேரத்தைத்தான். சவரத்துக்குக் கூலி கொடுக்கிறோம். கத்தி கழுவும் அந்தச் சில நிமிடங்களும் அதே தொழிலின் பகுதி. அதற்குக் காத்திருக்கவும் வேண்டும், கூடக் கொஞ்சம் கொடுக்கவும் வேண்டும்.