பொற்புறா விடுதி

தென் பிரான்சிலே, நீஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 12 மைல் தொலைவில், மத்தியதரைக் கடலை எட்ட நின்று பார்க்கும் குன்றொன்றின் மேல் சென் போல் த வான்ஸ் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் முதலாம் பிரான்சுவா மன்னன் எழுப்புவித்த மதில் இன்றும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றது. மதிலுக்குள்ளே கல் பதித்த ஒடுங்கிய வீதிகள். இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டும். வீதியின் இரு மருங்கிலும் இன்று படம் விற்கும் கடைகளே மலிந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பாராமற் கடந்து போவதால் யாருக்கும் நட்டமில்லை.

எம்மை அவ்வூருக்கு இழுத்தது மதிலன்று, கடைகளுமன்று. ஊர் வாயிலுக்கு வெளியே, மரநிழலிலே முதியவர்கள் இரும்புக் குண்டெறிந்து விளையாடும் சதுக்கத்தின் அருகில் ஒரு விடுதி இருக்கின்றது. ‘லா கொலோம்ப் தோர்’ என்பது அதன் பெயர். ‘பொற்புறா’ எனத் தமிழிற் சொல்லலாம். நம் கல்லூரி மாணவர் ஓவியப் பாடத்திலே பெயராக மட்டும் அறிந்து வைத்திருக்கும் மற்றீஸ், பிக்காசோ, பிராக், லெஜே முதலியோரின் ஆக்கங்கள் அங்கே சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகின்றன. அரும்பொருட்சாலையில் இருக்க வேண்டியவை ஒரு குடும்பத்தார் நடத்தும் மதுச்சாலையின் சுவருக்கு வந்த வரலாறே எமக்கு வேண்டியிருந்தது.

அவ்வூர் உழவர் குடும்பத்தில் தோன்றியவர் போல் றூ. அவர் 1920இல் ‘ஷே றொபின்சன்’ என்ற பெயரில் ஒரு சிறு மதுச்சாலையைத் திறந்தார். கோப்பியும் மதுவும் விற்பது. வார இறுதியில் திறந்த முற்றத்திலே அயலூர் இளைஞர் வந்து நடனமாடுவது. இவ்வளவே அதன் தொழில். வருவோர் பெருகவே, றூவும் அவர் மனைவி பப்திஸ்தீனும் மூன்று அறைகளைச் சேர்த்து அதனை ஒரு தங்குவிடுதி ஆக்கினர், பெயரையும் மாற்றினர். நடந்து வந்தாலும், குதிரையில் வந்தாலும், ஓவியத்தோடு வந்தாலும் இங்கே தங்கலாம் என்னும் கருத்துப்பட ஒரு பலகையும் தொங்கவிட்டனர். அவர்களுக்குப் பின் மகன் பிரான்சிஸ் நடத்தினார். இன்று பேரனின் குடும்பத்தார் நடத்துகின்றனர்.

பாரிஸ் நகரிலே உணவகச் சமையற்கூடமொன்றில் நெடுங்காலம் வேலை செய்யும் எம் ஒன்றுவிட்ட தம்பி எமக்கு வழித்துணையாக வந்தார். வாயிலில் அவர் சற்றே தயங்கி நின்றார். “அண்ணை, இது தவறணையல்லோ, உள்ளுக்கு வருவியளோ?” என்று கேட்டார். எழுபது வயதிலும் ஊரிலே தவறணை இருக்கும் ஒழுங்கையைத் தவிர்த்து வேறு வழியால் கோயிலுக்குப் போன தந்தையாரின் பிள்ளைகள் நாம். அவர் கேட்டதிலே நியாயமிருந்தது. கோப்பியும் அங்கே கொடுப்பார்களென்று சொல்லி உட்புகுந்தோம்.

முதலிலே கண்ணிற் படுவது கல். விடுதியின் முகப்பை றூ புதுக் கல்லாற் கட்டவில்லை. ஏறத்தாழ 100 மைலுக்கு அப்பால், எக்ஸ் நகரப் பக்கத்திலிருந்த பழைய மாளிகை ஒன்றின் கற்களைக் கொணர்ந்து கட்டுவித்தார். இதனை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அப்பகுதிச் சுண்ணக்கல் வெட்டிய புதிதில் வெளிறிக் கண்ணைக் கூசச் செய்யும். வெயிலும் மழையும் பல தலைமுறை பட்ட பின்னரே அதற்கு அந்தத் தேன் கலந்த சாம்பல் நிறம் வாய்க்கும். நானூறு ஆண்டு பழமையான மதிலுக்கு எதிரே நேற்று வெட்டிய கல்லை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பழிக்கும். பழைய கட்டடங்களின் கல்லை மீண்டும் எடுத்தாள முடிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அக்காலக் கொத்தர் சுண்ணாம்புச் சாந்திட்டுக் கட்டினர். சுண்ணாம்பு கல்லினும் மென்மையானது. தட்டினாற் சாந்து உதிரும், கல் முழுதாய்க் கைக்கு வரும். சீமெந்திட்டுக் கட்டியதைப் பிரிக்க முயன்றால் கல்தான் பிளக்கும். நாம் இன்று கட்டுகின்றவற்றை எடுத்து மறுபடி கட்ட நம் பேரர்களால் இயலாது. பழைய உத்தரங்களின் செய்தியும் அத்தகையதே. ஈரம் முற்றாக வற்றிய மரம் இனி வளையாது, வெடிக்காது. புது மரத்தை அப்படி நம்ப இயலாது.

இப்பொழுது பழம்பொருளால் விடுதிகளை அலங்கரிப்பது உலகெங்கும் ஒரு வியாபாரமாகிவிட்டது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடொன்று இடிபடும்போது அதன் தூணும் நிலையும் கதவும் விலைபேசப்பட்டு எங்கோ ஒரு ஹோட்டலின் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்வதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றனர். அங்கே அக்கதவு எதையும் திறப்பதுமில்லை, மூடுவதுமில்லை. சுவரிற் சாத்தப்பட்டு நிற்கும். றூவின் கற்கள் இடம் மாறினவேயன்றித் தொழில் மாறவில்லை. முன்பும் சுவராக நின்றன, இப்பொழுதும் சுவராகவே நிற்கின்றன.

உள்ளே வெள்ளையடித்த சுவர், தலைக்குமேல் உத்தரம், கனத்த மர மேசைகள். எம் தம்பியார் மேசையின் விளிம்பைக் கையாற் தடவி, “இது பொலிஷ் போட்ட மினுக்கமில்லை அண்ணை, துடைச்சுத் துடைச்சே வந்தது” என்றார். அத்தொழிலில் ஊறியவரல்லரோ! சுவரிலே படங்கள் நெருங்கித் தொங்குகின்றன. எவர் வரைந்தது, எவ்வாண்டு வரைந்தது என்னும் குறிப்புச் சீட்டு ஒன்றினையும் நாம் காணவில்லை. தெரிந்தவர் தெரிந்துகொள்கின்றனர், தெரியாதவர் சாப்பிட்டுவிட்டுப் போகின்றனர்.

இவ்விடுதியைப் பற்றி ஊரெல்லாம் வழங்கும் கதை ஒன்றுண்டு. பசித்து வந்த ஏழை ஓவியர்கள் ஒரு கிண்ணம் சூப்புக்கும் ஓரிரவுப் படுக்கைக்கும் விலையாகத் தம் படங்களைக் கொடுத்துச் சென்றனர், அவை பின்னர் பெரும்பொருளாயின என்பதே அக்கதை. இதைக் கேட்டதும் விடுதிக்காரர் பிறர் வறுமையில் ஆதாயம் கண்டாரோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. தொடக்க காலத்தில் கையிற் காசில்லாத ஓவியர் படங்கொடுத்துத் தங்கியதுண்டு. பலகையே அதற்குச் சான்று. ஆயினும் இன்று அச்சுவர்களுக்குப் புகழ் தேடித் தருகின்ற பெரியோர் அந்நிலையில் வந்தவரல்லர். மற்றீஸ் 1869இற் பிறந்தவர். அயலிலுள்ள வான்ஸ் ஊரிலே 1943இற் குடியேறியபோது எழுபதைக் கடந்திருந்தார். உலகம் அவரை நன்கறிந்திருந்தது. பிக்காசோ போருக்குப் பின் அப்பக்கத்தில் வாழ்ந்த காலத்திலே பெருஞ் செல்வர். இவர்களுக்குச் சூப்புக்குப் பஞ்சமில்லை. ஆகவே இவர்களின் ஆக்கங்கள் கடனுக்கு ஈடாக வந்தவை என்பதிலும் நட்பின் பொருட்டு வந்தவை என்பதே பொருந்தும். முதுமையிலே மற்றீஸ் காரில் வந்து, இறங்க இயலாமல் றூவைக் காருக்குள்ளே அழைத்து இருவருமாகத் தேநீர் அருந்தினர் என்று சொல்வர். சூப்புக் கதையிலும் இக்கதையே எமக்குப் பிடித்தது.

படங்களைக் காட்டிலும் எம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை அவ்வீட்டோடு ஒட்டிய ஆக்கங்கள். முற்றத்திலே அத்திமர நிழலில் விருந்தினர் உண்ணுமிடத்துச் சுவரொன்றை லெஜேயின் சுட்டமண் சித்திரம் நிறைத்திருக்கின்றது. லெஜே தம் இறுதிக் காலத்தில் அருகிலுள்ள பியோ என்னும் குயவர் ஊரிலே மண்வேலையில் ஈடுபட்டவர். எண்ணெய் வர்ணத்தால் எழுதிய துணிப்படத்தை இப்படி வெளியில் வைத்தால் சில கோடையிலே பாழாகும். சூளையில் வெந்த நிறத்தை வெயில் வெளுக்காது, மழை கரைக்காது. அந்தத் தடித்த கறுப்புக் கோடுகளும் திரண்ட உருவங்களும் ஓவியக்கூடத்து மங்கிய ஒளியிலே சற்று முரடாகத் தோன்றலாம். நண்பகல் வெயிலில், தட்டும் கரண்டியும் ஒலிக்கும் இடத்தில், அவை தமக்குரிய வீட்டில் இருப்பவை போல இருக்கின்றன.

நீச்சல் தடாகத்தருகே பிராக் அமைத்த புறா ஒன்று உண்டு. சிறு சில்லுகளைப் பதித்துச் செய்தது. விடுதியின் பெயரையே அவர் சித்திரமாக்கிவிட்டார். அமெரிக்கச் சிற்பி கால்டரின் தகட்டுச் சிற்பமும் அங்கேதான் காற்றுக்கு அசைந்துகொண்டு நிற்கிறது. அங்கே தங்குபவர் அல்லராதலால் அவ்விரண்டையும் நாம் எட்டிப் பார்க்க மட்டுமே இயன்றது. செசார் என்னும் சிற்பி செய்த பெருவிரல் ஒன்றும் உண்டு. பெரியதொரு கட்டைவிரல், அவ்வளவுதான். எம் தம்பியார் அதைக் கண்டு நெடுநேரம் சிரித்தார். கலையறிவு மிக்கவர் எம்மைப் பொறுத்தருள்க, நாமும் சிரித்தோம்.

சாப்பாட்டறையின் பெரிய கணப்படுப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதன் சுதையிலே கைத்தடங்கள் பதிந்துள்ளன. அதைக் கட்டியவர்களின் கைகள் என்பர். விரல் விரித்த உள்ளங்கைகள், பெயரில்லை, கையெழுத்தில்லை. பிக்காசோவின் கையொப்பத்துக்காகப் பெரும்பணம் கொடுக்க உலகம் காத்திருக்கிறது. அதே கூரையின் கீழ்க் கொத்தரின் கையும் இடம்பெற்றிருப்பதை நாம் வேறெந்த ஓவியக்கூடத்திலும் கண்டதில்லை.

இவற்றையெல்லாம் இப்படித் திறந்து வைப்பது ஆபத்தில்லையோ என்று வாசகர் கேட்கலாம். ஆபத்துத்தான். 1960இலே திருடர் புகுந்து ஏறக்குறைய இருபது படங்களைக் கொண்டு போயினர். பின்னர் அவை மீட்கப்பட்டன. தம் படத்தைத் திருடர் எடுக்காமல் விட்டுப் போனார்களே என்று ஷகால் மனம் நொந்தார் என ஒரு வேடிக்கைக் கதையும் வழங்குகின்றது. அதற்குப் பின்னரும் றூ குடும்பத்தார் படங்களை இரும்பறையிற் பூட்டவில்லை. அடுப்புப் புகையும் உணவின் ஆவியும் படும் இடத்திலே இத்தகைய பொருளை வைக்கலாமா என்று அரும்பொருட்சாலை அதிகாரி எவரும் அஞ்சுவர். அந்த அச்சம் தவறென்று நாம் சொல்லமாட்டோம்.

ஒப்புநோக்க விரும்புவோர் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. அவ்வூர்க் குன்றுச் சாரலிலேயே மேக் என்னும் ஓவிய வணிகக் குடும்பத்தார் 1964இற் திறந்த கலைக்கூடம் இருக்கிறது. செர்ட் என்னும் ஸ்பானியச் சிற்பாசாரியார் வடிவமைத்த கட்டடம். மீரோவும் பிராக்கும் ஜியாகோமெற்றியும் அதற்கெனவே ஆக்கங்கள் செய்தளித்தனர். மிகச் சிறந்த இடம். மாணவர் ஒருநாள் முழுவதும் அங்கே செலவிடலாம். ஆனால் அங்கே பார்க்கின்றோம் என்ற நினைவு நம்மை விட்டு அகலுவதில்லை. பொற்புறாவிலே பாணைப் பிட்டு வாயில் வைத்துத் தலை நிமிர்ந்தால் ஒரு படம் இருக்கிறது. மறுபடி குனிந்து உண்ணலாம். குடும்பத்தில் எல்லாரும் அறிந்த மூத்தார் ஒருவர் மூலையிற் கதிரை போட்டு இருப்பது போன்றது அது.

கலைஞர் வேறு பலரும் அம்மதுச்சாலைக்கு வந்து போயிருக்கின்றனர். போர்க்காலத்திலே கவிஞர் பிரெவேர் வந்தார். நடிகர் இவ் மொன்தான், சிமோன் சிஞோரே இருவரும் 1949இல் இங்கே சந்தித்து 1951இல் இவ்வூரிலேயே மணந்தனர். அமெரிக்காவில் நிறவெறியின் கொடுமையை எழுதிய நீக்ரோ இனத்தவரான பெரும் எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வூருக்கு வந்து, 1987இல் இறக்கும் வரை இங்கே வாழ்ந்தார். பொற்புறாவின் மதுக்கூடம் அவருக்குப் பழகிய இடம். சொந்த நாடு கொடுக்காத ஆசனத்தை அந்நிய நாட்டுச் சிற்றூரொன்று அவருக்குக் கொடுத்தது.

ஒரு குறையையும் மறைக்கலாகாது. இன்று அவ்விடுதியில் ஒருவேளை உணவு எம் போன்ற ஆசிரியரின் கைக்கு எட்டுவதன்று. தங்கும் கட்டணத்தைக் கேட்டறிந்த தம்பியார் அதை ரூபாயில் மாற்றிச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஓவியத்தோடு வந்தாலும் தங்கலாம் என்ற பலகையை நம்பி, கையிற் காசில்லாத இளைஞனொருவன் இன்று ஒரு படச்சுருளோடு வந்து நின்றால் வாயிலில் என்ன நடக்கும்? பரிமாறிய இளைஞரிடம் தம்பியார் பிரெஞ்சு மொழியில் இதைக் கேட்டே விட்டார். அவர் முகம் கோணாமற் புன்னகைத்து, அப்படி இன்றும் சிலர் படத்தைத் தூக்கிக்கொண்டு வருவதுண்டு என்று மட்டும் சொன்னார். தங்கினரா என்பதைச் சொல்லவில்லை.

போக விரும்புவோர் நீஸ் நகரிலிருந்து பஸ்ஸிற் செல்லலாம். ஊர்வாயிலுக்குக் கிட்டவே இறங்கலாம். கோடையிலே உணவுக்கு முன்கூட்டியே இடம் சொல்லி வைத்தல் வேண்டும். லெஜேயின் சுவர் உண்பவர் அமரும் முற்றத்திலேயே இருக்கின்றமையால், உணவருந்தாதவர் வீதியில் நின்று அதைக் காண முடியாது. நாம் கோப்பிக்கு மேல் ஒரு தட்டுப் பச்சைக் காய்கறியும் பாணும் கேட்டு வாங்கி, இருவரும் பங்கிட்டு, இயன்றவரை மெதுவாக உண்டோம்.