கண்டியில் கேட்ட மொழி

எங்கள் வடக்குப்பட்டு டீக்கடையில் இப்போது காலை நேரத்தில் இந்தியும் ஒடியாவும்தான் கேட்கிறது. ஒரகடம் கம்பெனிகளுக்கு வந்த பையன்கள். போன வாரம் ஒருவன் இந்தி வாடையில் தமிழ் பேசினான். சிரித்துவிட்டேன். உடனே கண்டிப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

ஓய்வு பெற்ற மறு வருடம் நானும் மனைவியும் இலங்கை போனோம். கண்டி விடுதியில் கணக்கு எழுதிய பெரியவர் நன்றாகத் தமிழ் பேசினார். "பாய், பூர்வீகம் கீழக்கரைப் பக்கமா?" என்றேன்.

"இல்லை ஐயா. நாங்க சோனகர் இல்லை, மலாய் ஆக்கள்."

டச்சுக்காரர்கள் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து சிப்பாய்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவந்தவர்களின் வம்சம். பிறகு ஆங்கிலேயரின் ரைபிள் படையில் இருந்தார்கள். 1873-ல் அதைக் கலைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 1869-ல், கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 'ஆலாமத் லங்காபுரி' என்று மலாய்ப் பத்திரிகை நடத்தியிருக்கிறார். இன்று இலங்கையில் மலாய்க்காரர்கள் சுமார் 40 ஆயிரம் பேர்.

அவர்கள் மொழியைக் கேட்டு அசந்துபோனேன். வீடு 'ரூமா'. மலேசியாவில் 'க்கு' என்பது முன்னால் வரும்: 'கெ ரூமா'. இவர்களுக்கோ 'ரூமாநங்'. நம் 'வீட்டுக்கு' போலவே! வினைச்சொல்லும் கடைசியில்தான். முந்நூறு வருடம் தமிழோடும் சிங்களத்தோடும் புழங்கியதில் சொற்கள் மலாயாகவே இருக்க, கட்டுமானம் நம் பக்கம் சாய்ந்துவிட்டது. வேற்றுமை உருபு நடத்திய என் பழைய தமிழய்யா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் பேச்சும் மாறுமாம். இவர் 'நான்' என்பதற்கு 'செ' என்பார். தென்கோடியில் கிரிந்தவில் வாழ்க்கைப்பட்ட அவர் தங்கைக்கு அது 'கோ'. போனில் இதை வைத்தே இருவரும் கேலி செய்துகொள்வார்கள். கிரிந்தவில் இன்னும் சிறுபிள்ளைகள் வரை அதைப் பேசுகிறார்கள். கொழும்பில் இளசுகள் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டார்கள். சிலர் மலேசியாவின் மலாயைத்தான் 'சரியான' மலாய் என்று படிக்கிறார்களாம்.

"அப்ப நான் பேசுறது பிழையா ஐயா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவர் பேரன் வந்தான். இவர் மலாயில் ஏதோ கேட்க, அவன் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடினான். பெரியவர் மறுபடி கணக்கு நோட்டில் குனிந்தார்.

புறப்படும்போது என் மனைவிக்கு அந்த ஒரு சொல்லைத் திருத்தித் திருத்திச் சொல்லிக்கொடுத்தார். ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இன்றும் கேட்பாள்: "என்னங்க, ரூமாநங் போலாமா?"