தட்டிப் பார்த்த பின்

பீங்கானுக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலத்தில், கோப்பை வாங்குவோர் அதன் பளபளப்பில் மயங்குவதில்லை. விரல்கணுவால் ஒருமுறை தட்டிப் பார்ப்பர். கணீரென ஒலித்தால் நல்ல கோப்பை. மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கக்கூடும்.

ஆகஸ்டுத் திங்களில் சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வழியே வேளாங்கண்ணிக்கு நடப்போருக்கும் இந்த அறிவு வேண்டும். 29-ஆம் நாள் கொடியேற்றத்தைக் காணும் ஆவலில், புறப்படும் முந்தின நாளன்று புதுச் செருப்பு வாங்குவோர் உண்டு. 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தார்ச்சாலையில் அது குதிகாலைக் கொப்புளமாக்கிவிடும். இரு வாரமேனும் அணிந்து பழகிய செருப்பே உற்ற துணை. கைவிளக்கை வீட்டிலேயே எரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் புட்டியை நிரப்பி ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் அதன் ஒழுகல் தெரிந்துவிடும். தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகப் பருகுவதும், உச்சிவெயிலில் நிழலில் தங்குவதும் உயிர் காக்கும். இருளில் வெளிர்நிற ஆடையுடன், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்புறம் நடப்பதே பாதுகாப்பு.

இவற்றைச் சொன்னால், "மாதா பார்த்துக்கொள்வாள்" என்பர். நானும் அவளை நம்பியே நடக்கிறேன். ஆயினும் ஆலயத்தின் உச்சியில் நின்ற ஆண்டவர், தூதர்கள் தாங்குவார்கள் என்று கீழே குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்க மறுத்தார். விளக்கின்றி லாரிகளுக்கு நடுவே நடப்பது விசுவாசமாகுமா? அன்னையிடம் நம்மை ஒப்படைக்குமுன், நம் கையால் ஆவதை நாம் செய்து முடிப்போம். வீட்டில் காத்திருப்போருக்கு நாம் செலுத்தும் அன்பும் அதுவே.